தலையைத் தூக்கிட்டீங்க!

ரத்தோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை. வருகிற வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் பற்றி விசாரிப்பதால் தானும் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று ஆசை. "அண்ணே, முதல்ல ஒரு ஏழாம் நம்பர் அயன் மட்டும் வாங்கச் சொல்றாங்க. எதை வாங்க?" நல்ல கேள்வி. நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் கொட்டித் தீர்க்காவிட்டால் வேறெதுவும் எழுத வராது. தம்பி ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சித் திடலில் நின்று பந்தை அடித்தேன். அடித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பந்தின் உச்சியை உரசினேன். அது கொஞ்ச தூரம் உருண்டு, யோசித்து, நின்றுவிட்டது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, பழகிப்போன விஷயம். அந்த நேரத்தில்தான் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"தலையைத் தூக்கிட்டீங்க."

திரும்பினேன். முன்பின் தெரியாத மனிதர். இரண்டு கைக்கும் கையுறை மாட்டியிருந்தார். அவர் அதுவரை அடித்த பந்துகளால் பத்தடிக்குள் மேய்ந்துகொண்டிருந்த மைனாக்களுக்கு மட்டுமே உயிராபத்து இருந்தது. நான் "நன்றி" என்று சொல்லித் தொலைத்தேன். நன்றி என்ற சொல்லை இந்த மனிதர்கள் நியமனக் கடிதமாக எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் தன் பந்துகளைத் தொடவேயில்லை. என் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு அடிக்கும் அதே தீர்ப்பு. பந்து இடப்பக்கம் போனாலும் தலை, வலப்பக்கம் போனாலும் தலை, மண்ணில் புதைந்தாலும் தலை. தப்பித் தவறி ஒன்று வானத்தில் ஏறி நேராகப் போய் விழுந்தது. "பாத்தீங்களா? இந்தத் தடவை தலை அப்படியே நின்னது" என்றார். ஒருவேளை நின்றதோ என்னவோ. என் தலையை நான் எப்படிப் பார்ப்பது?

இந்த வாக்கியத்தின் பலமே அங்கேதான். உலகத்தில் எந்தக் குற்றச்சாட்டுக்கும் சாட்சி, தடயம், மறுப்பு என்று ஏதாவது உண்டு. இதற்கு மட்டும் கிடையாது. குற்றம் நடந்த இடம் என் கழுத்துக்கு மேலே. பந்து எங்கே போனது என்று நான் நிமிர்ந்து பார்க்கும் வேளையில் தலை தூக்கித்தான் இருக்கும். அவர் அதைக் காட்டுவார். "இதோ பாருங்க, இப்பவும் தூக்கித்தானே இருக்கு!" ஆமாம் ஐயா, தூக்கித்தான் இருக்கிறது. பந்து போன பிறகும் குனிந்தே நிற்க நான் என்ன கோயில் வாசலில் நிற்கிறேனா?

எங்கள் கூட்டத்திலேயே இதைச் சொல்லாதவர் கிடையாது. மாத்தளையிலிருந்து கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் நாங்கள் ஒரு கைப்பிடி. திருகோணமலை வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி, பல் டொக்டர், பாங்கில் ஓய்வு பெற்ற ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்த நான். உக்குவளை, வத்தேகம என்று வளைந்து நெளிந்து திகன பக்கம் போனால், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் டொனல்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறந்த பதினெட்டுக் குழி மைதானம். காரும் அங்கத்துவமும் முதலாளியுடையவை. பெற்றோல் காசில் பங்கும் அபிப்பிராயங்களும் எங்களுடையவை. வத்தேகம தாண்டுவதற்குள் போன வாரம் யார் யார் தலை எங்கெங்கே இருந்தது என்ற விசாரணை முடிந்துவிடும்.

முதலாளி சொல்வார். டொக்டர் சொல்வார்; அவர் சொல்லும்போது தொழில் பழக்கத்தில் என் தாடையைப் பிடித்தே காட்டுவார். பாங்க்காரர் வாயால் சொல்ல மாட்டார், பெருமூச்சு விட்டுத் தன் தலையைத் தொட்டுக் காட்டுவார். ஒருமுறை தேநீர் கொண்டுவந்த பையன் தட்டை மேசையில் வைக்காமலே சொன்னான். அவன் வாழ்நாளில் கோல்ஃப் தடியைத் தொட்டவன் இல்லை. தொட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான் என்று நினைக்கிறீர்களா? இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பான்.

கொஞ்சம் விஷயத்துக்கு வருவோம். தடியும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. "பட்டது" என்று கையிலிருந்து மூளைக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் பந்து தடியை விட்டுப் போய்விடும். எனவே பட்ட பிறகு தலை நிமிர்ந்தால் என்ன, சுழன்றால் என்ன, கழன்று விழுந்தால்தான் என்ன? படுவதற்கு முன்பே நிமிர்ந்தால் தவறில்லையா என்று கேட்பீர்கள். அன்னிகா சோரன்ஸ்டாமைக் கேளுங்கள். தடி பந்தைத் தொடும் கணத்திலேயே அந்த அம்மாவின் முகம் இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கும். பத்துப் பெரும் பட்டங்களை வென்றவர். 2001இல் ஒரு சுற்றை 59 அடியில் முடித்தவர். அதே 2001இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற டேவிட் டுவலும் அப்படித்தான் அடிப்பார். இந்த இரண்டு பேரும் நம் திடலுக்கு வந்திருந்தால் கையுறைக்காரர் விட்டிருப்பாரா? "அம்மா, நல்லாத்தான் போகுது, ஆனா தலை..." என்று ஆரம்பித்திருப்பார்.

நேர்மையாகச் சொன்னால் மறுபக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. ஜாக் நிக்லஸ் சிறுவனாகப் பழகிய காலத்தில் அவருடைய ஆசான் ஜாக் கிரவுட், உதவியாளரை முன்னால் நிறுத்திப் பையனின் தலைமயிரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாராம். தலை அசைந்தால் மயிர் இழுபட்டு வலிக்கும். பையன் பின்னாளில் பதினெட்டுப் பெரும் பட்டங்கள் வென்றான். இந்தக் கதையை டொக்டர் எங்கோ படித்துவிட்டு வந்து என்னிடம் பரிசோதிக்க விரும்பினார். என் முன்னால் வந்து நின்று கையை நீட்டியவர், பிடிப்பதற்கு எதையும் காணாமல் கையை எடுத்துக்கொண்டார். அவருடைய தலையிலும் அதே நிலைமைதான். நாங்கள் பெரிய ஆட்டக்காரர்களாக வராததற்கு இதைவிட நேர்மையான காரணத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை.

சரி, இவ்வளவு பேர் சொல்கிறார்களே என்று ஒருநாள் தலையைத் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன். நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு குனிந்தபடியே வீசினேன். என்ன நடக்கும்? பின்னால் போகிற தோள் நாடிக்கடியில் புகுந்து திரும்ப வேண்டும். நாடி வழிவிடாவிட்டால் தோள் திரும்பாது. தோள் திரும்பாவிட்டால் கையை மட்டும் தூக்கி வெட்ட வேண்டியதுதான். பந்து முன்பைவிட மோசமாகப் போனது. எங்கே போனது என்பதும் தெரியவில்லை, ஏனென்றால் நான் குனிந்திருந்தேன். "எங்கே போனது?" என்று கேட்டேன். பதில் இல்லை. மற்ற மூவரும் தங்கள் தங்கள் தலையைக் குனிந்து வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று நாங்கள் தொலைத்த பந்துகளின் விலைக்கு ஒரு பயிற்சியாளரை அழைத்திருக்கலாம். மறுநாள் கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்க்க வந்த வைத்தியர் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கழுத்தை மெதுவாகத் திருப்பியபடி, "தலையை ரொம்பக் குனிஞ்சிட்டீங்க" என்றார்.

பந்தின் உச்சியில் உரசுவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இடுப்பும் முதுகும்தான். கீழே இறங்கும்போது உடம்பு எழுந்து நிற்கிறது, முழங்கை மடிகிறது, பாரம் பின்காலிலேயே தங்கிவிடுகிறது. வீச்சின் அடிமட்டம் பந்துக்கு முன்னாலேயே முடிந்து, மேலேறும் தடி பந்தின் தலையைத் தடவிவிட்டுப் போகிறது. உடம்பு எழுந்தால் அதன் மேல் குந்தியிருக்கிற தலையும் எழத்தானே செய்யும்? எழுந்ததற்குத் தலை பொறுப்பல்ல, அது கூடப் போன பயணி. இதைக் கையுறைக்காரரிடம் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "சரிதான். ஆனா நீங்க பேசும்போதும் தலையை ஆட்டுறீங்க" என்றார்.

தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர்களை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். சரிவில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே வைத்து நின்று, காலையிலிருந்து கத்தியை வீசுவார்கள். வெட்டு சாய்வாக, சுத்தமாக விழ வேண்டும். கிளை பிளந்தால் தண்ணீர் இறங்கி வாது அழுகிவிடும். அங்கேயும் மேற்பார்வைக்குக் கங்காணி உண்டு, திட்டும் உண்டு, தாராளமாகவே உண்டு. ஆனால் எந்தக் கங்காணியும் வெட்டுகிறவனின் தலையைப் பார்த்ததில்லை. வெட்டுப்பட்ட கிளையைத்தான் பார்ப்பார். கிளை சொல்லிவிடும், கத்தி எந்தக் கோணத்தில் வந்தது, கூர் போதுமா, கை தளர்ந்துவிட்டதா என்று. கோல்ஃபில் அந்த வேலையைப் பந்து செய்கிறது. வலக்கைக்காரன் அடித்த பந்து வலப்பக்கமாகக் கிளம்பினால் தடியின் முகம் அந்தப் பக்கம் பார்த்தது என்று பொருள். கிளம்பிய பிறகு இன்னும் வலப்பக்கம் வளைந்தால், தடி போன வழிக்கு முகம் திறந்து நின்றது என்று பொருள். அந்தக் காலத்துப் புத்தகங்கள் இதைத் தலைகீழாக எழுதியிருந்தன. வீச்சின் வழியில் பந்து கிளம்பும், முகம் பார்க்கும் பக்கம் போய் முடியும் என்று. இந்த நூற்றாண்டில் ராடார் கருவிகள் வந்து அளந்து பார்த்த பிறகுதான் தெளிவானது. பந்து பாவம், அன்றிலிருந்து இன்றுவரை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம்தான் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலாளியிடம் இந்தப் பேச்செல்லாம் எடுபடாது. அவருக்கு வலப்பக்கம் வளையும் நோய், ஸ்லைஸ் என்பார்களே, அது. உங்களுக்கும் இருக்கும். நோய்க்கு அவர் எடுக்கும் மருந்து கொள்முதல். ஹாட்வெயார் கடைக்காரருக்கு உலகத்தில் எந்தக் கோளாறும் சரியான சாமானை வாங்கினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இருப்பது இயல்புதான். முதலில் ஒன்பது பாகை ட்ரைவர் வாங்கினார், தொலைக்காட்சியில் வருகிறவர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று. தொலைக்காட்சியில் வருகிறவர் வீசும் வேகத்தில் பாதியும் அவரிடம் இல்லை. மெதுவாக வீசுகிறவனுக்குப் பந்தை மேலே ஏற்றிவிடச் சாய்வு கூடத்தான் வேண்டும். சாய்வு கூடினால் பக்கவாட்டுச் சுழற்சியும் கொஞ்சம் அடங்கும். பன்னிரண்டு பாகை என்று நான் சொன்னேன். "அது பொம்பளைங்க அடிக்கிறது" என்றார். அடுத்ததாகக் கம்பு விறைப்பானது, அதற்கடுத்ததாக இன்னும் விறைப்பானது. கடைசியில் கழுத்தில் திருகாணி வைத்த ட்ரைவர் ஒன்று வந்து சேர்ந்தது. கூடவே ஒரு சாவி. அன்றிலிருந்து அவர் கோல்ஃப் ஆடுவதை நிறுத்திவிட்டுத் திருகாணி திருகத் தொடங்கினார். ஒவ்வொரு குழியிலும் சாவியை எடுத்து முகத்தைக் கொஞ்சம் மூடுவார். பந்து வலப்பக்கமே போகும். இன்னும் கொஞ்சம் மூடுவார். முகத்தை மூட மூட, வலப்பக்கம் போகுமே என்ற பயத்தில் இவர் இன்னும் குறுக்காக வெட்டுவார். முகத்துக்கும் வழிக்கும் இடையே இருக்கும் பகை அப்படியே இருக்கும். பிடியைக் கொஞ்சம் மாற்றி, இடக்கையின் இரண்டு மூன்று கணுக்கள் மேலே தெரியும்படி பிடித்தாலே பாதிக் குணம் கிடைக்கும். அதற்குக் காசு செலவாகாது. அதனால்தான் அவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

இந்த ட்ரைவர் தலைகள் இப்போது 460 கன சென்டிமீட்டர் வரை வந்துவிட்டன. விதி அதற்கு மேல் விடாது. விட்டால் அண்டாவையே கம்பில் கட்டிக் கொடுப்பார்கள். முன்பு பேர்சிமன் என்ற மரத்தில் செய்தார்கள், கைக்குள் அடங்கும் அளவில். பேர்சிமன் வேறு யாருமல்ல, நம் தம்புள்ளைப் பக்கக் காடுகளில் நிற்கும் கருங்காலிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டும் ஒரே பேரினம். பந்தும் அப்படித்தான், மலாயாக் காட்டு மரத்தின் பாலிலிருந்து வந்தது. குட்டாபேர்ச்சா பந்து ஸ்கொட்லாந்தில் வழக்கத்துக்கு வந்தது 1848 வாக்கில். அதற்கு முன்பு இறகை அடைத்துத் தைத்த தோல் பந்து. விலை கேட்டால் மயக்கம் வரும். அந்த 1848இல்தான் இங்கே கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் அரசராக முடிசூடினார், புரன் அப்பு மாத்தளையில் வந்து இறங்கினார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று வெள்ளைக்காரன் போட்டதற்கு எதிராக. ஒரு பக்கம் பந்தை மலிவாக்கிவிட்டு மறுபக்கம் நாய்க்கு வரி போட்டிருக்கிறார்கள். நாய்க்கு வரி கட்டிய ஊர்க்காரன் இன்று மூன்று பந்து கொண்ட ஒரு ஸ்லீவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு நாயை மாதம் முழுக்க வளர்க்கலாம்.

எங்கே விட்டேன்? ஏழாம் நம்பர். ஆமாம்.

தம்பி, ஏழாம் நம்பர் என்று கடைக்காரன் சொல்வதை நம்பிவிடாதீர்கள். முன்னொரு காலத்தில் ஏழாம் நம்பர் அயனின் முகச் சாய்வு 38 பாகைக்குக் கிட்டே இருந்தது. இப்போது நமக்கென்று, அதாவது ஆடத் தெரியாதவர்களுக்கென்று செய்கிறவற்றில் 30, சிலவற்றில் அதற்கும் கீழே. அது பழைய ஐந்தாம் நம்பர். ஐந்தை எடுத்து அடியில் ஏழு என்று பொறித்து விற்கிறார்கள். வாங்கியவன் அடித்துப் பார்த்துவிட்டு, "என் பழைய ஏழைவிட இருபது யார் கூடப் போகுது" என்று ஊரெல்லாம் சொல்கிறான். போகாமல்? கனம் எல்லாம் அடியிலும் ஓரத்திலும் ஒதுக்கியிருப்பதால் அந்தச் சாய்விலும் பந்து எழும்புகிறது, அது நல்ல வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இலக்கத்தை ஏன் மாற்ற வேண்டும்? நான் அறுபத்தெட்டு வயது என்பதை ஐம்பத்தெட்டு என்று பொறித்துக்கொண்டால் மாத்தளை மலை ஏறிவிடுவேனா? முதலாளி நுவரெலியாவில் போய் ஆடிவிட்டு வந்து இன்னும் மோசமாகப் பேசினார். 1889இல் துரைமார் தொடங்கிய மைதானம், கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே. காற்று மெலிந்த இடம், அங்கே யார் அடித்தாலும் பந்து பத்து சதவீதம் வரை கூடப் போகும். "புதுத் தடி!" என்றார் இவர். மலை என்றேன். "தடி!" என்றார். திகனவுக்குத் திரும்பி வந்து தூரம் பழையபடி குறைந்ததும் திருகாணிச் சாவியை எடுத்தார்.

இப்படிச் சாய்வுகள் கீழே இறங்கியதால் பையின் அடிப்பக்கத்தில் இடைவெளி விழுந்தது, அதை நிரப்ப இன்னுமொரு வெட்ஜ் தடி, அதற்கும் இதற்கும் நடுவில் இன்னொன்று. டொக்டருக்கு அதில் ஒரு பித்து. பல் பிடுங்க எத்தனை விதக் குறடு உண்டோ அத்தனை வெட்ஜ் வைத்திருக்கிறார். பதினான்குக்கு மேல் தடி கொண்டுபோகக் கூடாது என்பது 1930களின் இறுதியில் வந்த விதி. அதற்கு முன் இருபது, முப்பது என்று சுமக்கவைத்தார்கள். சுமந்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மீறினால் மீறிய குழிக்கு இரண்டடி தண்டனை, ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு. டொக்டருடைய பையை எண்ணிப் பார்க்க எங்களுக்குத் தைரியமில்லை. சிக் எவன்ஸ் என்ற அமெரிக்கர் 1916இல் வெறும் ஏழு தடியுடன் போய் யு.எஸ். ஓப்பனை வென்றார், காசுக்கு ஆடாத அமெச்சூராக. இதையும் டொக்டரிடம் சொன்னேன். "எந்த ஏழு?" என்று ஆர்வமாகக் கேட்டு, அந்த மாதிரி ஏழு வாங்குவதற்குக் குறித்துக்கொண்டார்.

சுமக்கிறவர்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எரிச்சலாகவே சொல்கிறேன். மைதானத்தில் ஆட்டம் தெரிந்தவர் யாராவது ஒருவர் இருந்தால் அது பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கெடிதான். இந்த நாட்டில் நன்றாக ஆடிய பலர் அந்த வழியாக வந்தவர்கள். 1879இல் தொடங்கிய கொழும்புக் கழகமாகட்டும், நுவரெலியாவாகட்டும், துரைமார் அடித்ததைக் காலங்காலமாகத் தேடிப் பொறுக்கியவர்கள் நம்மவர்கள். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் அனுர ரோஹண தனிநபர் வெள்ளி வென்று வந்தார். தங்கராஜா இந்தியாவின் தொழில்முறைச் சுற்றில் ஆடிப் பட்டம் வென்றிருக்கிறார். இப்படிப்பட்ட நாட்டில், கெடியிடம் மட்டும் நாம் எதுவும் கேட்பதில்லை. கையுறைக்காரரிடம் கேட்காமலே பாடம் கிடைக்கிறது. கெடியிடம் பாடம் இருக்கிறது, கேட்பதற்கு நமக்கு மதிப்புக் குறைகிறது. கவ்வாத்து எப்படி வெட்ட வேண்டும் என்று தோட்டத்தில் கூட்டம் போட்டுப் பேசியபோதும் வெட்டுகிறவனை யாரும் கதிரையில் உட்காரவைத்ததில்லை.

எங்களுக்கு வழக்கமாக வரும் பையன் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவன். நான் எட்டாம் நம்பர் கேட்டால் ஆறாம் நம்பரை எடுத்துக் கொடுப்பான். சண்டை பிடிக்க மாட்டான். எட்டு பையின் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பான். ஆறால் அடித்தால் பந்து சரியாகப் புல்மேடையின் விளிம்பில் விழும். நாம் எப்போதும் கேட்பது ஒரே ஒருமுறை, காற்று பின்னாலிருந்து வீசியபோது, காய்ந்த தரையில் உருண்டோடி, எப்போதோ போன தூரத்துக்கான தடியை. அவன் கொடுப்பது நாம் வழக்கமாக அடிக்கும் அடிக்கான தடியை. தடி தேர்ந்தெடுப்பது பற்றி எனக்குத் தெரிந்த சாஸ்திரம் இவ்வளவுதான், அதுவும் அவனுடையது. ஒருநாள் தனியே கேட்டேன், "தம்பி, உண்மையைச் சொல்லு, நான் தலையைத் தூக்குறேனா?" அவன் தொலைவில் பார்த்துக்கொண்டே, "தலையை நான் பாக்கலீங்க ஐயா. பந்து எங்க விழுதுன்னு பாக்கத்தானே எனக்குச் சம்பளம்" என்றான்.

முன்னே சொன்ன கொழும்புக் கழகத்தில் ஒரு வசதி உண்டு. களனிவெளி ரயில் பாதை மைதானத்துக்குள்ளாலேயே போகிறது. அடி பிசகினால் ரயில் சத்தம் என்று சொல்லித் தப்பிவிடலாம். எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. குரங்குதான் உண்டு.

குரங்கைப் பற்றி மாத்தளைக்காரருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேங்காய் போயிற்று, மாங்காய் போயிற்று, ஓட்டுக்கூரை போயிற்று. சீனாவுக்கு ஒரு லட்சம் அனுப்பப் போவதாக 2023இல் சொன்னார்கள், நாங்களும் மூட்டை கட்டிக் கொடுக்கக் காத்திருந்தோம், நடக்கவில்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை நாடு முழுக்க எண்ணச் சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நான் ஏழாம் நம்பரை வைத்துக் காற்றில் வீசிப் பழகுவது வழக்கம். மதிலில் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் ஒருத்தனையும் காணவில்லை. எட்டு ஆறுக்கு வந்துவிட்டார்கள்.

போன மாதம் ஆட்டத்தில் முதலாளியின் பந்து வழக்கம்போல வலப்பக்கம் வளைந்து போனது. மானாப்புல்லுக்குள் விழுந்தது என்று நான் சத்தியம் செய்வேன். நாங்கள் போய்ச் சேருவதற்குள் ஒரு குரங்கு அந்தப் பக்கமிருந்து பந்தும் கையுமாக வெளியே வந்து, வெட்டிய புல்லின் நடுவால் நடந்து, எதிர்ப்பக்க மரத்தில் ஏறிக் கடித்துப் பார்த்தது. டொக்டர் உடனே போனில் விதிப் புத்தகத்தைத் திறந்தார். விதி 9.6: வெளியாள் நகர்த்திய பந்தை, தண்டனை எதுவும் இல்லாமல், முன்பு கிடந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும், இடம் தெரியாவிட்டால் உத்தேசமாக. மிருகமும் வெளியாள்தான்.

"இங்கதான் கிடந்தது" என்று முதலாளி வெட்டிய புல்லின் நட்டநடுவைக் காட்டினார்.

"அது புல்லுக்குள்ளேருந்து எடுத்துக்கிட்டு வந்ததை நாலு பேரும் பாத்தோமே முதலாளி" என்றேன்.

"அது எடுத்துக்கிட்டுப் போய், மறுபடி வெளிய வந்திருக்கும். முதல்ல எடுத்தது இங்கருந்துதான்."

பாங்க்காரர் பெருமூச்சு விட்டார். பின்னால் காத்திருந்த கூட்டம் கத்தத் தொடங்கியது. கையிலுள்ள ஒரே சாட்சி கிளையில் உட்கார்ந்து பந்தின் மேலுறையை உரித்துக்கொண்டிருந்தது. பையன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரியும், ஆனால் அவனிடம் யார் கேட்டார்கள்? கடைசியில் முதலாளி நடுப் புல்லிலேயே புதுப் பந்தை வைத்து, சாவியை எடுத்து ஒரு திருகு திருகி, ட்ரைவராலேயே ஓங்கி வீசினார். பந்து அழகாகக் கிளம்பி, வலப்பக்கம் வளைந்து, அதே மானாப்புல்லுக்குள் போய் விழுந்தது. மரத்திலிருந்த குரங்கு கையில் இருந்ததைப் போட்டுவிட்டு இறங்கியது. டொக்டர் மறுபடி போனை எடுத்தார்.